திரும்பி வந்த நாட்டுச்சர்க்கரை

சென்னை

அன்புள்ள டெய்சிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

கட்டிடச் சொந்தக்காரர் கடையைக் காலி செய்யச் சொன்ன வழக்கில் நமக்கே தீர்ப்பு. நடுவில் ஒரு தப்புச் செய்துபோட்டேன். வெறுங்கையோடு போவானேன் என்று, நீ அனுப்பிய நாட்டுச்சர்க்கரையை நீதிபதி அம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் கோர்ட்டில் எல்லார் முன்னாலும் திருப்பித் தந்தார்.

"எங்கூர்ப் பழக்கமுங்கம்மா, மன்னிச்சுப்போடுங்க."

"தோக்கறவரும் நியாயம்னு நம்பணும். அதுக்குத்தான் நான் இங்க உட்கார்ந்திருக்கேன்."

தோற்ற கட்டிடச் சொந்தக்காரர் நேற்று தானாகவே கடைக்கு வந்து டீ குடித்தார். "அந்தம்மா சொன்னா சரிதான்" என்றார்.

பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. எனக்கு மட்டும் காப்பி போடத் தோன்றவில்லை. கடைதான் நிலைத்துவிட்டதே, நீ காப்பி வடிகட்டும் துணியோடு பத்து நாள் வந்து இரேன்.

சரக்கு வண்டி வந்துவிட்டது.

டேவிட்சன்