நாவல் மரத்தடி மேடை

என் அன்பிற்குரிய சவரிமுத்து மாப்பிள்ளைக்கு,

ஆண்டவருடைய சமாதானத்தில் நீர் இளைப்பாறும் இடத்துக்கு இக்கடிதம் வந்து சேருமோ, சேராதோ. எழுதாமலிருக்க என்னால் முடியவில்லை.

நீர் காலமானது 1954 ஆகஸ்டு பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, மாதா திருநாளுக்கு மறுநாள். இதை முதலிலேயே பதிந்துவிடுகிறேன். ஏனெனில் உம் பெயர் பொறித்த கல்லில் பதினைந்து என்று வெட்டியிருக்கிறது. "மாதா திருநாளன்னைக்கே போனாருன்னா ஒரு பெருமைதானே மாமா? ஒரு நாள் முன்னப்பின்ன, யாரு பாக்கப் போறா?" என்று உம் மகன் அருள் கேட்டான். சமஸ்தானம் இருந்த காலத்திலும் அது போன பிறகும் பதிவு அலுவலகத்தில் தேதி சரிபார்த்தே தலை நரைத்த ஒருவனிடம் கேட்கிற கேள்வியா இது?

எந்தக் கல் என்பீர். சொல்கிறேன். அதற்கு முன் மற்றொன்றைச் சொல்லியாக வேண்டும். உம் வீட்டு நாவல் மரம் இப்போது இல்லை.

என் தங்கை ஆரோக்கியத்தைக் கைப்பிடித்து அந்த வீட்டுக்கு நீர் குடிவந்தபோதே அது இருவர் கைகோத்தாலும் எட்டாத மரம். வடகிழக்கு மூலையில், சமையற்கட்டுக்கு மேல் குடை பிடித்தாற்போல் நின்றது. பழக்காலத்தில் முற்றமெல்லாம் ஊதாக் கறையாகும். ஆரோக்கியம் தினமும் திட்டிக்கொண்டே கூட்டுவாள்.

புரட்டாசி பிறந்தால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உமக்கு அதே வேலை. மரமேறியை மேலே அனுப்பிவிட்டு, கீழே நின்று கழுத்து வலிக்க வலிக்க உத்தரவு போடுவீர். "தலையை மொட்டையடிச்சிராதப்பா. உள்ள நெருக்கமா இருக்கறத மட்டும் எடு. காத்துக்கு வழி விட்டா அது பாட்டுக்குப் போயிரும்." பெரிய கிளையை அறுப்பதென்றால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுக்கச் சொல்வீர். இல்லையேல் கிளை முறியும்போது தாய்மரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும் என்பீர். கோடையில் அடிமரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, நிழல் முடிகிற இடத்தில் சுற்றிச் சுற்றித் தண்ணீர் ஊற்றுவீர்.

"மாப்பிள்ளை, மரத்துக்கு வாய் எங்கன இருக்குன்னு தெரியாம ஊரைச் சுத்தி ஊத்துறீங்களே" என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"அதுக்கு வாய் தூரத்துல இருக்கு மச்சான். எல்லாருக்கும் ஒங்களுக்கு இருக்கிற மாதிரி முன்னாலயே இருக்குமா?" என்றீர். ஆரோக்கியம் உள்ளேயிருந்து சிரித்தது இன்றும் என் காதில் இருக்கிறது. அவள் சிரித்து இப்போது வெகுகாலமாகிறது.

1952 நவம்பர் முப்பதாம் தேதிப் புயல் உமக்கு நினைவிருக்கும். எதிர்வீட்டு வாகையை அதற்கு முந்தைய வருஷம்தான் பயந்துபோய் மொட்டையடித்திருந்தார்கள். வெட்டிய இடங்களில் அவசர அவசரமாகத் துளிர்த்திருந்த கொம்புகள் ஒன்று பாக்கியில்லாமல் பிய்ந்து விழுந்தன. உம் மரம் சில சுள்ளிகளை மட்டும் உதிர்த்துவிட்டு நின்றது. மறுநாள் காலையில் நீர் அந்தச் சுள்ளிகளைப் பொறுக்கி அடுப்படியில் வைத்தீர். ஊரே உம்மை அன்று ஒரு மாதிரி பார்த்தது. அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது.

அந்த மரியாதைதான் மேடையாயிற்று.

1955 ஜூன் மாதம் அருள் திருச்சியிலிருந்து லீவு போட்டு வந்தான். கூடவே ஒரு கொத்தனார். உமக்கு முதல் வருஷ நினைவுக்கு, நீர் உட்கார்ந்து பையன்களுக்குக் கணக்குச் சொன்ன அதே மரத்தடியில், மரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு மேடை. உம்மிடம் படித்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நல்ல எண்ணம்தான். கெட்ட எண்ணமென்று நான் எவரிடமும் சொல்லவில்லை. ஆனால் நான் போய்ப் பார்த்தபோது அடிமரத்தைச் சுற்றி ஓர் அகழி தோண்டியிருந்தார்கள். தொடை கனமுள்ள வேர்களையெல்லாம் கோடாலியால் துண்டித்து வாசலில் குவித்திருந்தார்கள்.

"என்னப்பா இது?" என்றேன்.

"அஸ்திவாரம்ங்க. செம்பாறாங்கல்லு வச்சுக் கட்டப் போறம்ல. சாமி, நூறு வருசம் அசையாது" என்றான் கொத்தனார்.

"மேடை அசையாது. மரம்?"

"இம்புட்டுப் பெரிய மரம் எங்கிட்டுப் போகும் மாமா?" என்று அருள் சிரித்தான். "அப்பாவுக்குச் செய்யறோம். நல்ல வார்த்தை சொல்லுங்க."

அறுந்த வேர்களை ஒட்ட வைக்க எவராலும் ஆகாது. ஆகையால் ஒன்றே ஒன்றைக் கேட்டேன். வேர் போன அளவுக்குத் தலைப்பாரத்தையும் குறைக்க வேண்டும்; மழைக்கு முன்னால் மரமேறியை வைத்து நீர் வழக்கமாக வெட்டச் சொல்வதைவிட இரு மடங்கு கிளைகளைக் கழித்துவிட வேண்டும். அதற்கும் அருள் இசையவில்லை. மேடைக்கு நிழல் வேண்டுமாம். ஆரோக்கியமும் அவன் பக்கமே நின்றாள். "அண்ணே, நாலு பேரு வந்து ஒக்காந்து அவரைப் பத்திப் பேசிட்டுப் போறாங்க. அதையும் கெடுக்காதீங்க" என்றாள். அவளுக்கு அந்த நாலு பேர் எவ்வளவு முக்கியமென்று எனக்குத் தெரியாதா?

திருக்கோகர்ணத்துக் கல்தச்சரிடம் போய்க் கல்லில் உம் பெயரையும் பிழையான தேதியையும் வெட்டிக்கொண்டு வந்து மேடையில் பதித்தார்கள். ஆகஸ்டுப் பதினைந்தாம் தேதி பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மேடையை மந்திரித்தார். ஊர்ச் சாப்பாடு போட்டார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு அடுப்பெரித்தது எதுவென்று சொல்லட்டுமா? வாசலில் காய்ந்து கிடந்த அந்த வேர்கள். நான் சாப்பிடவில்லை. கோபித்துக்கொண்டு போனதாகப் பேச்சு.

அதன் பிறகு எதைச் சொன்னாலும் ஒரே விடை: மந்திரித்த இடம், கை வைக்கக்கூடாது. சாமியாரிடமே போனேன். "நான் மேடையைத்தான் மந்திரிச்சேங்க, எலையையும் கொப்பையும் இல்ல. வீட்டுக்காரங்க சம்மதிச்சா தாராளமா வெட்டுங்க" என்றார். வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. புரட்டாசி போயிற்று. ஐப்பசி மழையில் மண் ஊறிற்று. மரம் எப்போதும் போல் தழைத்து, எப்போதும் போல் கனத்து நின்றது.

1955 நவம்பர் முப்பது, புதன்கிழமை. மூன்று வருஷத்துக்குப் பின் அதே தேதி. மத்தியானமே காற்று வடகிழக்கிலிருந்து ஏறத் தொடங்கிற்று. குளிரில் பல் கிட்ட நனைந்துகொண்டு ஓடினேன்.

"கிளம்பு ஆரோக்கியம், நம்ம வீட்டுக்கு."

"போன புயலுக்கு நின்னுச்சுல்ல?"

"அப்ப வேர் இருந்துச்சு."

"கோழியெல்லாம் கெடக்கு. நீங்க போங்க, நான் பின்னால வாரேன்."

கோழிகளை நானே பிடித்தேன், மாப்பிள்ளை. இந்த வயதில், அந்த மழையில், கூடையோடு. அதைப் பார்த்துத்தான் அவள் கிளம்பினாள்.

விடிந்து போய்ப் பார்த்தோம். மரம் சமையற்கட்டின் மேல் கிடந்தது. அடுப்பு இருந்த இடத்தில் கிளை இருந்தது. முறிந்திருக்கவில்லை, முளைக்குச்சியைப் பிடுங்கினாற்போல் அடியோடு வந்திருந்தது. மேடையில் மட்டும் ஒரு விளிம்பில் விரிசல். கல் அப்படியே நின்றது. கூட்டத்தில் ஒருவர் சொன்னதை நான் மறக்கப்போவதில்லை: "மேடை என்னா கெட்டி பாத்தீங்களா!"

என் தங்கை உயிரோடு இருக்கிறாள். அதற்காக எவரும் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம். ஆனால் ஊரில் என்னைக் கரிநாக்கு என்கிறார்கள். விழும் விழும் என்று நான் சொல்லிச் சொல்லித்தான் விழுந்ததாம். வேரை வெட்டிய கோடாலிக்கு ஒரு பழியும் இல்லை. ஆரோக்கியம் அன்று என் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னது நடந்துருச்சுல்லண்ணே, திருப்தியா?" என்றாள். அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். சோறு போடுகிறாள். பேசுவதில்லை. சரியாகச் சொன்னதற்கு இப்படியும் ஒரு தண்டனை உண்டா, மாப்பிள்ளை? உமக்குக் கிடைத்த மரியாதை எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை அருள் ஒரு நாவல் கன்றோடு என் வீட்டுக்கு வந்தான். "மேடைக்கு நடுவுல குழி சும்மாதானே மாமா கெடக்கு. அதுல வச்சிருவோம். ஆடு மாடும் கடிக்காது."

நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் கரிநாக்கு. அடுப்படியிலிருந்து ஆரோக்கியத்தின் குரல் வந்தது: "அதுக்குள்ள வச்சா அதுக்கு வாய் எட்டாதுடா. உங்க மாமாகிட்ட கடப்பாரை இருக்கு, கேட்டு வாங்கிட்டு வா. மொதல்ல அந்தக் கல்லை ஒடைப்போம்."

உம் வார்த்தை. இத்தனை வருஷமாக அதை அவள் வைத்திருந்திருக்கிறாள். மரம் நின்றபோது அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை.

ஆகஸ்டுப் பதினைந்தாம் தேதி உம் இரண்டாம் வருஷ நினைவுக்கு மற்றவர்கள் வருவார்கள். நிழலில்லாத மேடையில் வெயில் காய்ந்துவிட்டுப் போகட்டும். வரும் வியாழக்கிழமை, பதினாறாம் தேதி, காலைப் பூசை முடிந்ததும் நான் கடப்பாரையோடு வருகிறேன். முதல் அடி அந்தத் தேதியின் மேல்தான். என் உயிருள்ளவரை அந்தக் கன்றின் நிழல் முடிகிற இடத்துக்குள் ஒருவரும் மண்வெட்டி போட மாட்டார்கள். இது நான் உமக்குத் தரும் வாக்கு.

வாய் முன்னாலேயே இருக்கிற உம் மச்சான்,
பாக்கியநாதன்