ருக்குவின் இருபத்திரண்டு தொட்டிகள்

மே 20, திங்கள்

ஐந்தே முக்காலுக்கு வந்த தண்ணீர் ஆறு ஐந்துக்கு நின்றுவிட்டது. இவர் அரைவாளியில் குளித்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே ஆபீஸ் போனார். டெல்லி ஆர்.கே.புரம் முழுக்க இதே கதைதான்.

பக்கத்து வீட்டு ருக்குவும் பத்ரி சாரும் நேற்று பெங்களூர் போய்விட்டார்கள். மகள் சுபாஷிணிக்குப் பிரசவம். ஜூன் 28 திரும்புகிறார்கள், முப்பதாம் தேதி சார் ரிடையர் ஆகிறார், அடுத்த வாரமே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இதே ஊரில் துவாரகாவில் வாங்கிய சொந்த வீட்டுக்கு. பதினாறு வருஷப் பழக்கம். அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம், அழுகை வருகிறது.

போகும்போது தோட்டத்தை என் தலையில் கட்டிவிட்டாள். இருபத்திரண்டு தொட்டி, அதில் ஆறு மல்லி. "தினம் ஒரு மக் போறும்டி அம்சா. குழாய்த் தண்ணி மட்டும் விடு. மல்லி பூத்துண்டு இருக்கறச்சேதான் புது ஆத்துல பால் காய்ச்சணும்னு வெச்சிருக்கேன்."

குழாய்த் தண்ணீராம்! குடிக்கவே காணோம். என்னிடம் வேறு வழி இருக்கிறது. ஆர்.ஓ. மெஷின் ஒரு குடம் குடிநீர் தந்தால் மூன்று குடம் சாக்கடைக்குத் தள்ளுகிறது. அந்தக் குழாயை ஒரு வாளிக்குள் விட்டேன். பளிங்கு மாதிரி தண்ணீர். என் காகிதப்பூவுக்கும் கற்றாழைக்கும் மூன்று மாதமாக அதுதான், ஜம்மென்று இருக்கின்றன.

மே 24

ஆர்.ஓ. வாளியைப் படம் எடுத்து காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், 'ஒரு சொட்டும் வீணாக்காதீர்கள்' என்று ஹிந்தியில். முப்பத்தொரு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. இருக்காதா?

மே 29

நாற்பத்தாறு டிகிரி. மல்லி இலையெல்லாம் நுனியில் கருகியிருக்கிறது. வெயில் என்று நினைத்தேன், ஆனால் நிழலில் இருக்கும் கறிவேப்பிலையும் அப்படியே.

அண்ணாந்து பார்த்தால் விஷயம் புரிந்துவிட்டது. மாடி வீட்டு அபிஷேக்கின் ஏ.சி. குழாய்! சொட்டுச் சொட்டாக நேரே ருக்குவின் தொட்டிகளில் விழுகிறது. ஏ.சி. தண்ணீரில் கேஸ் இருக்கும், வேறென்ன? இரண்டு தொட்டியில்தான் விழுகிறது, மற்றவை ஏன் கருகுகின்றன என்று இவர் கேட்டார். காற்றில் தெறிக்காதா?

மே 31

மாடிக்குப் போய்ச் சண்டை போட்டேன். அபிஷேக் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான். "ஆன்ட்டிஜி, அது வெறும் தண்ணீர்தான்," என்றான். "வெறும் தண்ணியா? ஊரான் செடி சாகுது, உனக்கு ஏ.சி. கேக்குதா?" என்று தமிழிலும் ஹிந்தியிலும் கத்தினேன். குழந்தை அழ ஆரம்பித்தது. அவன் மனைவி வந்து அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

அசோசியேஷனுக்கும் எழுதிக் கொடுத்தேன். சும்மா விட முடியாது.

ஜூன் 2

பிளம்பர் வந்து குழாயைப் பின்பக்கச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டான். வென்றுவிட்டேன். படியில் எதிரே வந்த அபிஷேக் வணக்கம் சொல்லவில்லை. இவர் மட்டும், "கைப்புள்ள வெச்சிருக்கறவங்ககிட்ட இப்படியா போய் நிப்பாங்க?" என்றார். இவருக்கு எப்போதும் ஊரார் பக்கம்தான்.

ஜூன் 5

இலை இன்னும் கொட்டுகிறது.

ஜூன் 6

தாகம்தான் போலிருக்கிறது. ஒரு மக்கை இரண்டாக்கினேன். மண்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, ருக்கு போட்ட உரமாக இருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

ருக்கு வீடியோ காலில் வந்தாள். "மல்லியக் காட்டுடி." நெட்வொர்க் சரியில்லை என்று கட் செய்தேன். பிறகு போன வருஷம் ஜூனில் எடுத்த படம் ஒன்றைத் தேடி அனுப்பினேன், ஆறு தொட்டியும் பூவாகக் கொட்டிக் கிடக்கும் படம். 'இன்னைக்கு எடுத்தது' என்றும் எழுதினேன். அதை ஏன் எழுதினேன்? வெறும் படத்தை அனுப்பியிருந்தால் போதாதா?

உடனே பதில்: 'நீ இருக்கச்சே எனக்கு என்ன கவலை.'



ஜூன் 15

ஆர்.ஓ. ஃபில்டர் மாற்ற மெக்கானிக் வந்தான். குடிநீரைச் சோதிக்கும் பேனா மாதிரி மீட்டரை வைத்திருந்தான். ஏதோ ஒரு எண்ணம், அதை என் வாளியில் விடச் சொன்னேன்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. குடிநீரில் எண்பதுதான் காட்டியது.

"இது எதுக்கு ஆன்ட்டி?"

"செடிக்கு."

சிரித்தே விட்டான். "அரே, வீட்டு உப்பையெல்லாம் மெஷின் இதிலதானே தள்ளுது! இப்ப டேங்கர் தண்ணி வேற, டபுள் உப்பு. தரை துடைங்க, டாய்லெட்டுக்கு ஊத்துங்க. செடிக்கு விட்டா வேர் வெந்துடும். காகிதப்பூ, கற்றாழை எதையும் தாங்கும், மத்தது தாங்காது."

ஏ.சி. தண்ணீர்? கேட்க பயமாக இருந்தது, கேட்டேன். "அதுல உப்பே கிடையாது ஆன்ட்டி. இந்த வெயில்ல செடிக்கு அதைவிட நல்ல தண்ணி எங்க கிடைக்கும்?"

அவன் போன பிறகு ருக்குவின் தோட்டத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த வெள்ளைப் படிவை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. இருபத்தாறு நாளாக நானே என் கையால் ஊற்றியிருக்கிறேன். அடிப்பாவி. விழுந்துகொண்டிருந்த நல்ல தண்ணீரையும் கம்ப்ளெயின்ட் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

மாடிக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன்: தப்பு என்னுடையது, அந்தத் தண்ணீர் வேண்டும். அபிஷேக் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. "மன்னிப்பு எங்கிட்ட மட்டும் போதுமா ஆன்ட்டி? அசோசியேஷன் நோட்டீஸ் இன்னும் கீழ ஒட்டியிருக்கு, எங்க வீட்டு நம்பரோட."

வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஆர்.ஓ. தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள், நான் சொன்னது தவறு. மாடி வீட்டின் மேல் கொடுத்த புகாரும் தவறு. நோட்டீஸை நானே கிழித்தேன். இந்தத் தடவை கட்டைவிரல் இரண்டே இரண்டு.

மாலையில் அவன் மனைவி பால்கனியில் வாளி வைத்துவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள்.

ஜூன் 17

வறண்ட காற்றில் ஏ.சி. அதிகம் சொட்டவில்லை. நாள் முழுக்க ஒரு வாளிதான் நிறைகிறது. உப்பு கீழே இறங்கும் வரை ஊற்ற வேண்டுமாம், அதற்கு ஒரு தொட்டிக்கே அரைவாளி போகிறது. இருபத்திரண்டுக்கு எங்கே போவது?

மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தேன். மல்லியைப் பாதிக்குமேல் வெட்டினேன். சருகை மேலே பரப்பினேன், ஈரம் நிற்கட்டும் என்று. தண்ணீர் மல்லிக்கும் அரளிக்கும் மட்டும். கறிவேப்பிலையைக் கைவிட்டேன். எதிரே நிற்கவே முடியவில்லை.

ஜூன் 20

சுபாவுக்கு நேற்று பெண் குழந்தை. வாழ்த்துச் சொல்லப் போன் செய்து, செடி கருகியதையும் பழைய படம் அனுப்பியதையும் சொல்லிவிட்டேன். நல்ல சமயம் பார்த்தேனே! ஆனால் இன்னும் ஒரு நாள் தள்ளினால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

முழுக்கக் கேட்டுவிட்டு ருக்கு சொன்னாள்: "செடி போனா போறது அம்சா. அந்தப் படத்தை நான் ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் காட்டினேன். என் சிநேகிதி எப்படிப் பாத்துக்கறா பாருங்கோன்னு."

அப்புறம் குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள். பின்னால் எந்த அழுகையும் கேட்கவில்லை.

ஜூன் 28

விடியற்காலையில் பேய்மழை. ரோடெல்லாம் முழங்கால் தண்ணீர். ஒரு மாதம் முன்னால் பெய்திருந்தால் என்ன.

மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். ருக்கு பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் தோட்டத்துக்குப் போனாள். ஒன்பது தொட்டி பிழைத்திருக்கிறது, அதில் மல்லி நான்கு. குச்சி குச்சியாக நிற்கின்றன, கணுவில் மட்டும் பச்சை. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். நான் குடையோடு பின்னால் நின்றேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"நீயே வெட்டினியா? சரியாத்தான் வெட்டியிருக்கே," என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 7, ஞாயிறு

துவாரகாவில் பால் காய்ச்சினார்கள். மூன்றாவது மாடி. நான்கு மல்லியும் பால்கனியில் மொட்டில்லாமல் நின்றன. சுவாமி படத்துக்கு வாங்கிய பூ. எனக்கும் ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தாள், எல்லாருக்கும் கொடுத்த மாதிரி. வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ருக்குவே போன் செய்தாள். பத்து நாள் பெங்களூர் போகிறாளாம், பேத்தியைத் தொட்டிலில் போடுகிறார்கள். குழந்தைக்கு யார் ஜாடை, டிரெயினில் எந்த சீட், பத்ரி சாரின் முழங்கால் வலி என்று பழையபடி முக்கால் மணி நேரம் பேசினோம். மனசு நிறைந்துவிட்டது.

வைக்கப்போகும்போது, "செடியெல்லாம்?" என்று கேட்டேன்.

"கீழ் ஆத்துல ஒரு பஞ்சாபி மாமி இருக்கா. அவாகிட்ட சொல்லிட்டேன்டி."

நான் வருகிறேன் என்று வாய்வரை வந்தது. மெட்ரோவில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. "நல்லதாப் போச்சு," என்றேன்.