பேஸ்மென்ற் பானையும் உங்கள் சத்தியமும்

இருபத்தாறு வருடமும் "இஞ்சேருங்கோ" என்று மட்டுமே நான் கூப்பிட்ட என் இவருக்கு,

வருகிற மாதம் உங்களுக்கு முதல் வருட ஆட்டைத் திவசம். பத்திரிகையில் உங்கள் படமும் நாலு வரியும் போடுவோம் என்று மகள் சொன்னாள். நாலு வரி காணாது, நானே எழுதுகிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றி ஊர் முழுக்கக் கதைத்தது. அதனால் இதையும் ஊர் முழுக்க வாசிக்கட்டும்.

நீங்கள் போய் எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, வந்த சனம் இருக்கக் கதிரை எடுக்க பேஸ்மென்றுக்குப் போன உங்கள் அக்காதான் அதை முதலில் கண்டவ. உடுப்புக் காயவைக்கிற மெசினுக்குப் பின்னால், போர்வை போட்டு மூடிய பெரிய எவர்சில்வர் பானை. அடியில் ஓட்டை போட்டு, சுடுதண்ணீர்த் தாங்கிக்குள் இருக்கிற சூடாக்கும் கம்பியைப் பூட்டியிருந்தீர்கள். தடித்த வயர் ஒன்று, மெசினுடைய அதே பிளக்கில் செருகுகிற மாதிரி.

"இது பியர் காய்ச்சிற பானையடி ஈஸ்வரி. என்ர மருமகனும் உப்பிடி ஒண்டு வைச்சிருக்கிறார்" என்றா உங்கள் அக்கா, என் மச்சாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சத்தியம் பண்ணின மனிசன் எண்டு பெருமை அடிச்சுக்கொண்டு திரிஞ்சாய், இப்ப என்ன சொல்லுறாய்?"

மகளுக்கு ஏழு வயதில், குடிவெறியோடு அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தீர்களே. அடுத்த நாள் கோயிலில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள், இனி ஒரு சொட்டும் நாக்கில் வைக்கமாட்டேன் என்று. அதை நம்பித்தான் நான் உங்களோடு இருந்தேன். நம்பினேனா? அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாய் நினைவு வந்தது. சனிக்கிழமையில் நான் கோயிலில் அன்னதானச் சமையல் முடித்து வர, வீட்டில் கஞ்சி மணம் நிற்கும். "கஞ்சி காய்ச்சினீங்களோ?" என்றால் "ஓம்" என்பீர்கள். சிங்கில் ஒரு கோப்பையும் இராது. காயவைக்கிற மெசினின் பிளக் கழன்று கிடக்கும். உங்கள் சாமான் பெட்டிக்குள் கோழித்தீன் மாதிரிப் பச்சை உருண்டைகள் ஒரு பை கிடந்தது. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். கைப்பு அடுத்த நாள் காலைவரை போகவில்லை. பத்து மாதமாய் உங்கள் படத்துக்கு விளக்கு வைத்தேன். முகத்தைப் பார்க்காமல் வைத்தேன்.

போன ஞாயிறு சிறி வந்தான். உங்களோடு சேர்ந்து சாப்பாட்டுக் கடைகளின் குசினி மெசின் திருத்தின, ஒஷாவாவில் இருக்கிற அதே சிறிதான். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அண்ணையின்ர பானையை எனக்குத் தாறீங்களோ?"

"ஏன், உம்மட மனிசிக்குச் சமைக்கப் பானை இல்லையோ?"

தலையைக் குனிந்தான். அது போதாதா எனக்கு?

"ரெண்டு பேரும் சேந்து குடிச்சனீங்கள், என்ன?"

"ஐயோ அக்கா! அண்ணை கொதிக்க மட்டும்தான் வைப்பார். தானியத்தை ஊறவைச்சு வடிச்சு, அந்தப் பச்சை உருண்டையைப் போட்டுக் கொதிக்க வைச்சு, ஆறினதும் வாளியில ஊத்தித் தருவார். அதில வெறி இராது. புளிக்க வைக்கிறதும் குடிக்கிறதும் நான்."

"குடிக்காத மனிசனுக்கு அதைக் காய்ச்ச என்ன விசர்?"

"மணத்துக்குத்தான் அக்கா. மணந்து பாக்கமாட்டன் எண்டு நான் சத்தியம் பண்ணேல்லையடா எண்டு சொல்லிச் சிரிப்பார்."

"அவர் நாக்கில வைச்சுப் பாக்கேல்லை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் தம்பி? நீர் அவற்ற ஆள். அவருக்காகப் பொய் சொல்லுவீர்."

சிறி தேத்தண்ணியைக் கீழே வைத்தான். "சொன்னால் அண்ணைக்கு மரியாதை இல்லை. அது வாயில வைக்கேலாது அக்கா. ஒரே கைப்பு. ஒரு மணித்தியாலம் கொதிக்கவேண்டியதை மணத்துக்காக மூண்டு மணித்தியாலம் விடுவார். விட விட உருண்டை கைக்கும். எப்பிடியடா எண்டு ஆசையாக் கேட்பார். பிரமாதம் அண்ணை எண்டு சொல்லிப்போட்டு சிங்கில ஊத்துவன்."

நான் நம்பவில்லை. "மிச்சம் ஒரு போத்தல் கிடந்தால் எடுத்துக்கொண்டு வாரும்" என்றேன். ஒஷாவாவுக்குப் போய் இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வந்தான். உங்களுடைய கடைசிப் போத்தலாம், ஊற்ற மனம் வராமல் வைத்திருந்தானாம்.

பிறந்ததுக்கு நான் அதைத் தொட்டவள் இல்லை. மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தேன். வேப்பங்கொட்டையை அரைத்துக் குடித்த மாதிரி. மகள், "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று முதுகில் தட்டினாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோயிலில் சாமிக்குப் படைக்கும் முன் நாங்கள் உப்புப் பார்ப்பதில்லை. அண்டாவுக்கு மேலே குனிந்து மணத்தை மட்டும் வைத்துச் சமைக்கிறோம். மணம் எல்லாம் சொல்லும், உப்பைச் சொல்லாது. கைப்பையும் சொல்லாது. என் குழம்பில் வெந்தயம் ஒரு துளி கூடினால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைக்கிற மனிசன் நீங்கள். ஒரு தரம், ஒரே ஒரு தரம் நாக்கில் வைத்திருந்தால், அடுத்த தரம் அப்படிக் கொதிக்க விட்டிருப்பீர்களா?

பானையைச் சிறியிடம் கொடுத்துவிட்டேன். வயரை ஆரும் தெரிந்த ஆளிடம் காட்டச் சொன்னேன்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை நீங்கள்? சொன்னால் நம்பியிருப்பேனா? இப்போது அதைச் சொல்கிறேன். வேலையால் வந்து நீங்கள் சப்பாத்துக் கழற்றும்போது, மாலை மாலையாய் நான் கிட்ட வந்து பையை வாங்கியது பாசத்தில் இல்லை. வாயை மணந்து பார்க்கத்தான். கடைசியாய்ப் பெட்டிக்குள் நீங்கள் கிடந்தபோது முகத்தோடு முகம் வைத்தேனே, நான் கொஞ்சுகிறேன் என்று சனம் அழுதது. அன்றும் மணந்துதான் பார்த்தேன்.

திவசப் படையலில் ஒரு பியர் வைப்போம், இனி என்ன, அவன் குடிக்கட்டும் என்று மச்சாள் ஒற்றைக்காலில் நிற்கிறா. வைக்க விடமாட்டேன். நான் இருக்கும்வரை உங்கள் படையலில் ஒருத்தரும் போத்தல் வைக்கமாட்டினம். இது என் சத்தியம். இதையாவது நீங்கள் நம்புங்கோ.

உங்கள் பிள்ளையின் தாய்,
ஈஸ்வரி