குழாயடி வரிசையில் செல்வி

என் உயிருக்கு மேலான கன்னியம்மா அக்காவுக்கு,

நீ மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. மயிலாப்பூர்க் கால்வாய் ஓரத்தில் நம்ம குடிசைகள் அப்படியேதான் இருக்கின்றன. தெருக்குழாயும் அப்படியேதான். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம் பார்த்துத்தான் இன்னமும் தண்ணீர் விடுகிறார்கள். எந்த மகராசன் போட்ட கணக்கோ!

எதிர்ச்சாரி மாடிவீட்டில் குளியலறைக்குள்ளேயே தண்ணீர் கொட்டுகிறது. அந்த வீட்டுப் பெண் வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு கான்வென்டுக்குப் போவதை நீ குடத்தோடு நின்று பார்ப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது அவளுடைய மகள் போகிறாள். நின்று பார்ப்பது உன் மகள் செல்வி.

வரிசையில் கல்லை வைத்து இடம் பிடிப்பது நம்ம வழக்கம். தண்ணீர் வரும்போது மட்டும் ஆள் வந்துவிட வேண்டும். நீ ஒருநாள் கல்லை வைத்துவிட்டுப் போய் வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டாய். அன்றைக்கு வீட்டில் உலை ஏறவில்லை. அதோடு உன் படிப்பு போச்சு. ஆண்பிள்ளை என்று என்னை மட்டும் அனுப்பினார்கள். என்னைவிட உனக்குத்தானே கணக்கு நன்றாக வரும்?

போன வாரம் செல்வி பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"தண்ணி வர்ற நேரத்துலதான் மாமா பள்ளிக்கூடமும் கீது."

அழக்கூட இல்லை அவள். எனக்குத்தான் தாங்கவில்லை. விடியலிலேயே ரிக்‌ஷா எடுத்துக்கொண்டு போய்விடுகிற உன் வீட்டுக்காரரிடம் சாயங்காலம் சண்டைக்குப் போனேன்.

"நானா படிக்க வேணாங்கிறேன்? அப்ப தண்ணி யாரு புடிப்பாங்க, நீயா?"

ஆமாம், நான்தான் என்றேன்.

இன்று போய் நின்றேன். நம்ம பக்கத்தில் எந்த ஆம்பிளை இடுப்பில் குடம் வைத்திருக்கிறான்? சின்னப் பெண்கள்கூடச் சிரித்தார்கள். தி.நகர் ஜவுளிக்கடைக்குத் தாமதமாகப் போனதில் முதலாளி முறைத்தார். இந்த வேலை எத்தனை நாளைக்கோ தெரியாது. இத்தனைக்கும் குழாயில் காற்றுதான் வந்தது. ஆனால் செல்வி வகுப்பில் இருந்தாள் அக்கா.

எனக்கு முன்னும் பின்னும் நின்றதெல்லாம் அவள் வயசுப் பிள்ளைகள்தான். அவர்களுக்குப் பதிலாக யார் வந்து நிற்பார்கள்? எனக்குத் தெரியவில்லை. செல்விக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். இந்த வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்வேன். உன் மகள் கையில் குடத்தைக் கொடுக்க மாட்டேன்.

நீ படிக்காமல் படிக்க வைத்த உன் தம்பி,
முருகேசன்