சனிக்கிழமை மாணவி

ஜூலை 1, 2024, திங்கள்

ஏழாம் வகுப்பில் பின்னக் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்சு கலைச்செல்வி எழுந்து, "டீச்சர், உங்க இடது கை மேசையில தானா ஆடுதுங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. குனிந்து பார்த்தால், ஆமாம், விரல்கள் பியானோ வாசித்துக்கொண்டிருக்கின்றன.

நாற்பத்து நாலு வயதில் கல்லூரியில் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். மகன் வேலைக்குப் பெங்களூர் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது, அதனால் சேர்ந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. சின்ன வயதிலிருந்தே ஆசை. திருச்சியில் ஓர் இசைக் கல்லூரியில் தற்காலப் பியானோ, வார இறுதி டிப்ளமோ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருக்கும் கொல்லிமலையிலிருந்து இறங்கினால் ஞாயிறு இரவு ஏறி வர வேண்டும்.

ஜூலை 6, சனி

ஓம்பிரகாஷ் சார்தான் எங்கள் பியானோ ஆசிரியர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். இன்று ஒரு தாள் கொடுத்தார். அதில் மெட்டு மட்டும் ஒரு வரி, மேலே கார்ட் எனும் சுரக் கூட்டுகளின் பெயர்கள். அவ்வளவுதான். எங்கள் மாதா கோயிலில் நான் வாசிப்பது இரண்டு கைக்கும் முழுசாக எழுதியிருக்கும் புத்தகத்தை. ஒரு புள்ளி விடாமல் வாசிப்பேன். அதில் பெருமையும் உண்டு.

"மீதி எங்க சார்?" என்று கேட்டேன்.

"மீதி நீங்கதான் மேடம்."

ஜூலை 7, ஞாயிறு

மலைமேல் செம்மேடு பஸ் நிலையத்தில் என் வீட்டுக்காரர் வண்டியோடு நின்றிருந்தார். மதியமே பெய்த மழையில் சட்டை பாதி நனைந்து பாதி காய்ந்திருந்தது.

"இந்த வாரம் என்ன கத்துக்கிட்ட, பிரிசி?"

"ஒன்னும் கத்துக்கலீங்க. தெரிஞ்சத மறக்கச் சொல்றாங்க."

"அதுக்கு எதுக்கு திருச்சி வரைக்கும்? எங்க ஆபீசுக்கு வந்தா ஒரே வாரத்துல மறந்துருவ."

ஆரோக்கியராஜ் என்று பெயர் வைத்ததற்குப் பதில் இந்தக் கேலி வாய்க்கு ஏற்றதாக வேறு ஏதாவது வைத்திருக்கலாம் இவருக்கு. இவர் வேலை பார்க்கும் வேளாண்மை அலுவலகத்தில் விவசாயிகள் இவரை எப்படித்தான் சமாளிக்கிறார்களோ.

ஜூலை 20, சனி

பருவத் தேர்வுக்குக் குழு பிரித்துவிட்டார்கள். என் குழுவில் பேஸ் கிடார் மணிவண்ணன், பாடுவதற்குத் தேன்மொழி. இரண்டு பேருமே என் மகனைவிடச் சின்னவர்கள்.

தேன்மொழி ராசிபுரத்துப் பெண். தானே எழுதி மெட்டமைத்த பாட்டைத்தான் பாடப் போகிறாள். போன வருடம் அவள் அம்மா இறந்துபோனார். அந்த அம்மா தினமும் சொன்ன சின்னச் சின்ன வார்த்தைகள்தான் பாட்டு முழுக்க. 'கதவச் சாத்தாத கண்ணு, காத்து வரட்டும்' என்று ஆரம்பிக்கிறது. இந்தப் பாட்டுக்கு என்னால் முடிந்ததெல்லாம் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. திருவிழாவுக்கு ஊரே மலையேறி வருகிறது. நேற்று இறங்கப் பேருந்தே கிடைக்கவில்லை. வகுப்பு போச்சு. வீட்டுக் கீபோர்டில் நாள் முழுக்கத் தேன்மொழியின் பாட்டையே வாசித்தேன். இடது கைக்கு ஒரு நல்ல ஓட்டம் அமைந்திருக்கிறது. அடுத்த வாரம் அசந்துபோவாள்.

ஆகஸ்ட் 10, சனி

அசந்துதான் போனாள்.

ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாசிக்கறப்ப எனக்கு மூச்சு விடவே இடமில்லீங்க." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "சார்கிட்ட வேற ஆள் கேட்டிருக்கேன். உங்ககிட்ட சொல்லாமச் செய்யக் கூடாதுன்னு..." என்றாள்.

பரவாயில்லம்மா என்று சொன்னேன். சிரித்தேன் கூட.

பரவாயில்லையா? ராத்திரி பகலா உக்காந்து வாசிச்சனே. இதுக்குத்தானா? இந்த வயசுல இந்தப் புள்ளைங்க நடுவுல போயி உக்காந்தது என் தப்பு –

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பேருந்தில் அழுதேன். வளைவில் வாந்தி வருகிறது போல என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவர் எழுந்து ஜன்னலோரம் கொடுத்தார்.

ஆகஸ்ட் 17, சனி

போகவில்லை. தலைவலி என்று இவரிடம் சொன்னேன்.

பக்கத்துக் காட்டுப் பொன்னம்மாள் மரவள்ளிக் கிழங்கு கொண்டு வந்து வைத்தாள். "ஏனுங்க டீச்சர், வாரம் பூரா சத்தமே இல்லீங்களே. பொட்டி கெட்டுப் போச்சுங்களா?"

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

"அப்ப வாசிங்க. களை எடுக்கறப்ப பொழுது போறதே தெரியாதுங்க."

அவள் போன பிறகு இவர் மெதுவாகச் சொன்னார்: "விடறதுன்னா விட்டுரு பிரிசி. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். ஆனா தலைவலின்னு எங்கிட்டச் சொல்லாத."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கிழங்கு உரித்துக்கொண்டே, கைப்பேசியில் பதிவு செய்த அந்த ஒத்திகையைக் கேட்டேன். ஒரு வாரமாகக் கேட்கப் பயந்துகொண்டிருந்தேன்.

அவள் சொன்னது சரி. ஒவ்வொரு வரி முடிந்ததும் அவள் மூச்சு எடுக்கிறாள், அதற்குள் நான் புகுந்துவிடுகிறேன். மணிவண்ணனின் கிடாரைக் காணவே காணோம். அவன் வாசிக்க வேண்டியதையும் சேர்த்து என் இடது கை வாசித்துக்கொண்டிருக்கிறது. கோயிலில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது இது தாங்கும். இங்கே பாடுவது ஒரே ஒரு பெண், அதுவும் செத்துப்போன அம்மாவின் வார்த்தைகளை.

வகுப்பில் ஒரு பிள்ளை விடை தேடித் திணறினால் நான் வாயைத் திறக்கவே மாட்டேன். அதுவாகச் சொல்லும் வரை நிற்பேன். அந்த நான் எங்கே போனேன் பியானோவுக்கு முன்னால்?

ஆகஸ்ட் 24, சனி

கல்லூரி வாசலிலேயே தேன்மொழியைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு மாசம் குடு. அப்பவும் உனக்கு இடமில்லைன்னா சார்கிட்ட நானே சொல்லிட்டு விலகிக்கறேன்."

கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினாள்.

இன்று வலது கையால் மட்டும் வாசித்தேன். இடது கை மடியில் கிடந்தது. எத்தனை கஷ்டம்! ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இத்தனை வேர்க்குமா?

செப்டம்பர் 14, சனி

தேன்மொழி தன் குரலை மட்டும் பதிவு செய்து அனுப்புகிறாள். நான் வீட்டில் அதைப் போட்டுவிட்டு மேலே வாசித்துப் பழகுகிறேன். கேட்கக் கேட்க அவள் எங்கே தயங்குவாள், எங்கே அவசரப்படுவாள் என்று பிடிபடுகிறது. 'கதவச் சாத்தாத' என்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் தடங்கல். அங்கே நான் எதையும் வாசிப்பதில்லை.

இன்று ஒத்திகை முடிந்ததும் அவள் பாட்டு நோட்டை மூடி வைத்தாள். மணிவண்ணன்தான், "இப்பத்தாங்க ஆன்ட்டி நான் வாசிக்கறது எனக்கே கேக்குது" என்றான்.

அக்டோபர் 20, ஞாயிறு

மழை. பாதையில் மண் சரிந்து, முள்ளுக்குறிச்சி வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தேன். உடம்பெல்லாம் வலி. ஆனால் மாதக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, வேறு ஆள் பற்றி யாரும் பேசவில்லை.

நவம்பர் 23, சனி

தேர்வு முடிந்தது. நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அரங்கின் நடுவில் மதிப்பெண் போட வெளியூர் ஆசிரியர்கள் இரண்டு பேர். பின் வரிசைகளில் மாணவர்கள். தேன்மொழியின் அப்பாவும் வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தார். அவர் வருவது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. இரண்டாம் சரணத்தில் அவரைப் பார்த்துவிட்டாள். குரல் நின்றுவிட்டது.

பழைய பிரிசில்லாவாக இருந்தால் அந்த வெற்றிடத்தை மெட்டால் நிரப்பியிருப்பேன். பாட்டு கெட்டுவிடக் கூடாதே என்று. இன்று கை அதற்குப் போகவில்லை. இரண்டே இரண்டு கார்ட், மெதுவாக, மாற்றி மாற்றி. அவள் பக்கம் திரும்பவில்லை. மணிவண்ணன் என்னைப் பார்த்தான், அவனும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தான். யாரோ இருமினார்கள். நான் அந்த இரண்டு கார்டையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். இவள் வராவிட்டாலும் இப்படியே முடித்துவிடலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று ஒரு நிம்மதி கூட வந்தது.

வந்தாள். விட்ட இடத்திலிருந்து இல்லை. முதல் வரியிலிருந்து, பேசுவது போல. அவள் அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

முடிந்து மேடையை விட்டு இறங்கியதும் என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்றிருந்தது. "பயந்துட்டீங்களா ஆன்ட்டி?"

"இல்லையே. நீ வருவேன்னு தெரியும்" என்றேன். தெரியாது. ஆனால் அப்போது அப்படித்தான் சொல்லத் தோன்றியது.

டிசம்பர் 2, திங்கள்

தேறிவிட்டேன். இவர் அலுவலகம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அவருடைய அதிகாரி எனக்கு வாழ்த்துச் சொல்ல, நான் எதற்கென்று கேட்டு மானம் போனது.

ஜனவரி 16, 2025, வியாழன்

பொங்கல் விடுமுறைக்குத் தேன்மொழி மலைக்கு வந்திருக்கிறாள். வளைவுகளில் தலை சுற்றி, வந்ததும் ஒரு மணி நேரம் படுத்துவிட்டாள். எழுந்து, இவர் வைத்த மிளகு ரசத்தை இரண்டு டம்ளர் குடித்தாள்.

புதுப் பாட்டு வேண்டுமாம் அடுத்த பருவத்துக்கு. மெட்டு வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை. வார்த்தை? அதுவும் இல்லை. ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க ஆரம்பிங்க ஆன்ட்டி. நான் பொறவு வாரேன்."

ஆரம்பித்தேன். வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. வெகு நேரம் அவள் பாடவில்லை. எனக்கும் அவசரமில்லை.