கண்ணைக் கட்டி உட்கார வைத்தேன்

என் ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சௌக்கியம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறையவில்லை, ஆனாலும் மரப்பட்டறைக்குப் போகாமல் இருக்கமாட்டேன் என்கிறார், நானும் கத்தி ஓய்ந்துவிட்டேன். அது கிடக்கட்டும், என் வாசிப்பு வகுப்புக்கு யார் வந்தாள் தெரியுமா? உன் மூன்றாம் வகுப்பு டீச்சர், தேள்கொடுக்கு என்று பேர் வைத்தோமே, அவளேதான். உனக்கு வாசிக்க வரவில்லை என்று, இரண்டாம் வகுப்பிலிருந்த உன் தம்பியைக் கூட்டிவரச் சொல்லி, எல்லார் முன்னாலும் உன் பாடத்தை அவனைப் படிக்க வைத்தாளே, அந்த மகராசி. அன்று நீ கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தவன் சாப்பிடக்கூட வரவில்லை. அந்த வைராக்கியத்தில்தானே, வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இந்தப் பயிற்சிக்கே நான் போனேன். இப்போது அவளுடைய ஒரே மகளுக்கு எழுத்து மனதில் நிற்கவில்லையாம். கடவுள் இருக்கிறாரடா.

பிள்ளை தங்கம், அதன் மேல் எனக்கென்ன கோபம். உனக்குச் செய்த அதே வழிதான். தட்டில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே அந்த எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லவேண்டும், அப்பா உப்புத்தாளில் வெட்டித் தந்த எழுத்துகளைத் தடவவேண்டும், சொல்லைக் கைதட்டிப் பிரித்து, எழுத்துக்கு ஒரு படியாகப் படிக்கட்டில் ஏறவேண்டும். ஆனால் தாயும் கூடவே உட்கார்ந்து எல்லாம் செய்யவேண்டும் என்று ஒரு விதி போட்டேன் பார், அப்படி ஒரு விதியே கிடையாது, அவளுக்காகவே போட்டது. குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தாள். கண்ணைக் கட்டி, மகளை விட்டு முதுகில் எழுத்து எழுதச் சொல்லி, என்ன எழுத்து சொல்லு என்றேன். தப்புத்தப்பாகச் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள், நான் அடக்கவில்லை. "இதுகூடவா தெரியல, சின்ன கிளாஸ்லேர்ந்து யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று, அவள் வகுப்பில் கேட்டதைத் தம்பி அன்று வீட்டில் நடித்துக் காட்டிய அதே ராகத்தில் கேட்டேன். அவள் முகம் செத்துப்போனது. அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது. என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன்.

நேற்று அந்தப் பிள்ளை ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்துவிட்டது. இவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "அன்னைக்கு நான் பண்ணது தப்புங்க, உங்க பெரியவன்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். கையை உருவிக்கொண்டேன். தூது போக நான் என்ன தபால்காரியா? தம்பிகூட, "போதும்மா, விட்டுடு" என்கிறான். அவன் விடட்டும், நான் விடமாட்டேன்.

இனி உன் பங்கு. வழக்கம்போல ஃபோனில் பேசி அனுப்பாதே, கையால் எழுது. பிழை இருந்தால் இருக்கட்டும், அடித்துத் திருத்தாதே. கட்டிலுக்கடியில் கிடந்து என்ன நினைத்தாய் என்று எழுது, எனக்கே நீ இதுவரை சொன்னதில்லை. பிள்ளைகள் போனபின் அதை அவள் கையில் கொடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். தடுக்கினால் திரும்ப முதலிலிருந்து.

ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும் கண்ணு. எண்ணெய்ப் பண்டம் அதிகம் வேண்டாம். எழுத்தை மட்டும் பெரிது பெரிதாக எழுது, மறந்துவிடாதே. அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது, கண் தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்துவிடக் கூடாது.

உனக்காக இன்னும் ஆறாத,
அம்மா