"எதைங்க?" என்று கேட்க நீ இல்லை

எதையும் கேட்காமல் விடாத என் அக்காவுக்கு,

உன் வீட்டுக்காரர் மறுபடியும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டார். பெங்களூரில் இருக்கும் உன் மகளோடு போனில் பேசும்போது, "ஐ டிசைடட். ஷி வில் அட்ஜஸ்ட்" என்கிறார். நான் காபியோடு போனால், "ஓகே, வில் கன்ஃபர்ம்" என்று போனை வைத்துவிடுகிறார்.

எதை முடிவு செய்தார்? நான் எதற்கு அனுசரித்துப் போக வேண்டும்? தமிழில் பேசினால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயம் போல. நீ இருந்தபோது அடுப்படியிலிருந்தே "எதைங்க?" என்று ஒரு குரல் கொடுப்பாய். மாமா எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்.

அந்த உரிமை உனக்கு இருந்தது. என் கல்யாணம் முறிந்த நாளிலிருந்து உங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறவள் நான். எந்த வாயால் கேட்பேன்?

போன வாரம் பரணிலிருந்து பெரிய பெட்டி இறங்கியது. தூசி தட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார். தெருமுனையில் இஸ்திரி போடும் செல்வி என்னை நிறுத்தி, "இன்னாக்கா, வூட்ட காலி பண்ணினு போறீங்களா? சாரு எல்லா சட்டையும் ஒரேடியா குட்துட்டு அர்ஜென்ட்டுன்னாரு" என்றாள். "அதெல்லாம் இல்லம்மா" என்று சிரித்தேன்.

வீட்டை விற்கப் போகிறாரா? என்னை அண்ணன் வீட்டுக்கு அனுப்பப் போகிறாரா? அவருக்கு இன்னொரு கல்யாணமோ என்றுகூட நினைத்தேன். நீ கோபித்தாலும் பரவாயில்லை, நினைத்தேன்.

நேற்று காலை இரண்டாவது தோசையை அவருக்குப் பரிமாறும்போது, தட்டைப் பார்த்தபடியே, "ஐ ஃபைனலைஸ்ட்" என்றார்.

"எதை மாமா?"

நான்தான் கேட்டேன். அவர் சட்டென்று திரும்பி அடுப்படியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அடையார்ல ஒரு முதியோர் இல்லம். எனக்குத்தான். நீ இங்கேயே இரு. உங்கக்கா போனப்புறம் நாம ஒரே வீட்டுல இருக்கிறத நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க. உன் காதுல விழக் கூடாதுன்னு பார்த்தேன்."

எனக்கு வந்ததே கோபம்! "பேசுறவங்களா வந்து உங்களுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கப் போறாங்க? என் காதுல எப்பவோ விழுந்தாச்சு. நான் போனேனா?"

தோசையை ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டார். அப்புறம், "சரி, வில் கேன்சல்" என்றார்.

"எதை?"

சிரித்துவிட்டார், அக்கா. நீ போன பிறகு இப்போதுதான் சிரிக்கிறார். "அந்த அடையார் எடத்த, தாயே."

ஆனால் நான் இன்னும் நம்பவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. "அப்புறம் வைக்கலாம்" என்கிறார்.

அது பரண் ஏறும்வரை தினமும் கேட்பேன். ஏறிய பிறகும் கேட்பேன். உனக்குப் பதிலாக அல்ல. இது என் வீடும்தான் என்பதால்.

இப்படிக்கு,
கேட்கத் தொடங்கிவிட்ட உன் தங்கை,
கோமதி